எத்தனை துகள் என்பதற்கு முன், எத்தனை நானோமீட்டர்?

உறையவைத்த மாதிரியைப் பல கோணங்களில் சாய்த்துப் படமெடுத்து முப்பரிமாண உருவைக் கட்டும் கிரையோ எலக்ட்ரான் டோமோகிராஃபியில் புதிதாக இறங்குகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு கேள்விகளோடு வருகிறார்கள். எந்த மென்பொருள் நல்லது? எத்தனை துகள்களின் உருவைச் சேர்த்துச் சராசரி எடுத்தால் பிரிதிறன் 4 ஆங்ஸ்ட்ராமுக்கு (0.4 நானோமீட்டர்) கீழே போகும்? இரண்டும் தேவையான கேள்விகள்தான், ஆனால் அவற்றுக்கு முன்னால் கேட்க வேண்டிய ஒன்று விட்டுப்போகிறது: உங்கள் மாதிரி எத்தனை நானோமீட்டர் தடிமன்? சென்னையிலிருந்தும் மதுரையிலிருந்தும் பெங்களூருக்கு ஆராய்ச்சி செய்ய வரும் பிள்ளைகளை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். மைக்ரோஸ்கோப் நேரம் கிடைப்பதே அரிது. கிடைத்த ஓர் இரவைத் தடித்த ஐஸில் வீணாக்கக் கூடாது.

தடிமன் ஏன் முதலில் வருகிறது? 300 கிலோவோல்ட்டில், ஐஸுக்குள் ஓர் எலக்ட்ரான் ஆற்றலை இழக்காமல் சராசரியாகச் செல்லும் தூரம் ஏறக்குறைய 300 நானோமீட்டர். 200 நானோமீட்டர் தடிமனில், உள்ளே போன எலக்ட்ரான்களில் கிட்டத்தட்ட பாதிதான் ஆற்றல் குறையாமல் வெளியே வருகின்றன. மாதிரியை 60 டிகிரி சாய்த்ததும் எலக்ட்ரான் கடக்கும் பாதை இரண்டு மடங்காகிவிடும். அப்போது மிஞ்சுவது நான்கில் ஒரு பங்கு. ஆற்றல் இழந்தவற்றை எலக்ட்ரான்களை ஆற்றல் வாரியாக வடிகட்டும் எனர்ஜி ஃபில்டரின் 20 எலக்ட்ரான்வோல்ட் அல்லது 10 எலக்ட்ரான்வோல்ட் ஸ்லிட் (இடுக்கு) தடுத்துவிடும். அதனால் படம் தெளிவாகும், ஆனால் இழந்த சிக்னல் திரும்பி வராது. இதே கணக்கைத் திருப்பிப் போட்டால் தடிமனையும் அளந்துவிடலாம். ஸ்லிட்டை எடுத்துவிட்டு ஒரு படம், ஸ்லிட்டோடு ஒரு படம். முதலாவதன் சராசரிப் பிரகாசத்தை இரண்டாவதன் பிரகாசத்தால் வகுத்து, அந்த விகிதத்தின் இயல் மடக்கையை 300ஆல் பெருக்கினால் தடிமன் நானோமீட்டரில் வரும். இரண்டு நிமிட வேலை. ஒவ்வொரு இடத்திலும் டில்ட் சீரிஸ் (சாய்த்துச் சாய்த்து எடுக்கும் பட வரிசை) தொடங்கும் முன் இதைச் செய்வது என் கணிப்பில் எந்தப் புதிய மென்பொருளையும்விட அதிகப் பலன் தரும்.

சுத்திகரித்த புரதம் அல்லது வைரஸ் போன்ற துகள்கள் என்றால் ஐஸ் மெலிவது பிளாட்டிங்கை, அதாவது கூடுதல் நீரைக் காகிதத்தால் ஒற்றி எடுப்பதைப் பொறுத்தது. கிரிட்டை (மாதிரியைத் தாங்கும் சிறு உலோக வலை) நீர் நன்றாகப் பரவும்படி 15 மில்லிஆம்பியரில் 30 முதல் 60 விநாடி குளோ டிஸ்சார்ஜ் செய்து, 3 முதல் 4 மைக்ரோலிட்டர் மாதிரி வைத்து, 95 சதவீதத்துக்கு மேல் ஈரப்பதமுள்ள அறையில் பிளாட் செய்து, திரவ ஈத்தேனில் மூழ்கடிக்க வேண்டும். திரவ நைட்ரஜனில் நேரடியாக மூழ்கடிக்கக் கூடாது. அது மைனஸ் 196 டிகிரியில் கொதிநிலையிலேயே இருக்கிறது. கிரிட் பட்டவுடன் வாயுப் படலம் சுற்றிக்கொண்டு குளிர்ச்சியைத் தடுத்துவிடும், தண்ணீர் படிகமாகிவிடும். ஈத்தேன் மைனஸ் 183இல்தான் உறைகிறது, மைனஸ் 89இல்தான் கொதிக்கிறது. அந்த இடைவெளிதான் நமக்கு வேண்டும். ஈத்தேன் உறைய ஆரம்பித்து விளிம்பில் வெள்ளைப் படலம் தெரிந்தால் கொஞ்சம் உருக்கிவிட்டு மூழ்கடியுங்கள். ஒருமுறை கண்ணாடி போல உறைந்த ஐஸ், மைனஸ் 140 டிகிரியை ஒட்டி வெப்பம் ஏறினால் படிகமாகத் தொடங்கும். அதற்குப் பிறகு குளிர்வித்தாலும் பயனில்லை.

பெங்களூரில் ஜூன் முதல் அக்டோபர் வரை காற்றில் ஈரம் அதிகம். மாதிரியே சரியாக இருந்தும், கிரிட்டை மாற்றும்போது படியும் பனித்துகள்கள் எல்லாவற்றையும் கெடுத்துவிடும். ஒவ்வொரு முறையும் ட்வீசரைச் சூடான காற்றில் உலர்த்திவிட்டுத்தான் மீண்டும் நைட்ரஜனுக்குள் விட வேண்டும். கலங்கலாக, பால் போலத் தெரியும் நைட்ரஜனைத் தயங்காமல் கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்றுங்கள். முகக்கவசம் இல்லாமல் கிண்ணத்தின் மேல் குனிந்து மூச்சு விடக் கூடாது. அறையில் டீஹியூமிடிஃபையர் ஓடட்டும். ஒரு லிட்டர் திரவ நைட்ரஜன் ஆவியாகி ஏறக்குறைய 700 லிட்டர் வாயுவாகிறது. ஏசிக்காகக் கதவைச் சாத்திய சின்ன அறையில் அது ஆக்சிஜனைத் தள்ளிவிடும். ஆக்சிஜன் மானிட்டர் இல்லாத அறையில் இந்த வேலையைத் தொடங்கவே கூடாது. ஈத்தேன் எரியும் வாயு என்பதையும் மறக்கக் கூடாது.

வெளியூரிலிருந்து கிரிட்டைக் கொண்டுவருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பெல்லாரி சாலையில் ஜிகேவிகே வளாகத்துக்குள் என்சிபிஎஸ், இன்ஸ்டெம் என்ற உயிரியல் ஆராய்ச்சி நிறுவனங்கள் இருக்கும் இடத்தில் 300 கிலோவோல்ட் டைட்டன் கிரியோஸ் மைக்ரோஸ்கோப் இருக்கிறது, இந்திய அறிவியல் நிறுவனமான ஐஐஎஸ்சியிலும் கிரையோ மைக்ரோஸ்கோப் வசதி உண்டு. சென்னையிலிருந்து 350 கிலோமீட்டர் பயணத்துக்கு டிரை ஷிப்பர் (திரவ நைட்ரஜனை உறிஞ்சி வைத்துக் குளிர் காக்கும் குடுவை) தாராளமாகத் தாங்கும், ஆனால் முந்தின நாளே நைட்ரஜன் ஊற்றி, உள்ளே இருக்கும் பஞ்சு போன்ற பொருள் முழுக்க உறிஞ்சும்வரை நிரப்பிக்கொண்டே இருந்து, தேங்கிய திரவத்தைக் கொட்டிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். காரில் படுக்க வைத்தால் குளிர் தாங்கும் நேரம் மளமளவென்று குறையும். புறப்படும்போதும் சேர்ந்ததும் எடை போட்டுப் பாருங்கள்.

செல்லுக்குள்ளேயே புரதத்தைப் பார்க்க வேண்டுமென்றால் கதை வேறு. பெரும்பாலான செல்கள் சில மைக்ரோமீட்டர் தடிமன், எலக்ட்ரான் ஊடுருவாது. எனவே கேலியம் அயனிக் கற்றையால் மேலும் கீழும் செதுக்கி, நடுவில் 120 முதல் 180 நானோமீட்டர் தடிமனுள்ள ஒரு தகட்டை மட்டும் விட்டுவைக்கிறோம். இதுதான் லேமெல்லா. செல்லுக்குத் தாமிர கிரிட் நச்சு, தங்க கிரிட் எடுங்கள். பிளாட்டிங் பின்பக்கத்திலிருந்து மட்டும். முன்பக்கமும் காகிதம் பட்டால் செல்கள் ஒட்டிக்கொண்டு போய்விடும். செதுக்கும் முன் கரிமப் பிளாட்டினப் படலம் பூச வேண்டும். அது இல்லாவிட்டால் தகட்டின் முன்விளிம்பு கற்றையில் கரைந்து, மேற்பரப்பில் செங்குத்துக் கோடுகள் விழும். 30 கிலோவோல்ட்டில், 8 முதல் 12 டிகிரி கோணத்தில், தொடக்கத்தில் 0.5 முதல் 1 நானோஆம்பியர், தகடு மெலிய மெலியக் கற்றையைக் குறைத்துக்கொண்டே வந்து கடைசி மெருகை 30 முதல் 50 பிக்கோஆம்பியரில் முடிப்பது வழக்கம். தகட்டின் இருபுறமும் மெல்லிய வெட்டு போட்டுவிட்டால், செல் சுருங்கி இழுக்கும்போது லேமெல்லா வளையாமல் தப்பிக்கும்.

இங்கே ஒரு பேராசை எழும்: இன்னும் மெலிதாக்கினால் என்ன? கேலியம் கற்றை இருபுற மேற்பரப்பிலும் சில பத்து நானோமீட்டர் ஆழம்வரை சேதப்படுத்துகிறது. 60 நானோமீட்டர் ஆழம்வரை பாதிப்பு தெரிவதாக 2023இல் லூக்காஸும் கிரிகோரியெஃபும் காட்டினார்கள். ஆக 80 நானோமீட்டர் லேமெல்லாவில் சேதமில்லாத பகுதி என்று சொல்ல அதிகம் மிஞ்சாது. 150ஐ ஒட்டி நிறுத்தி, மேற்பரப்பை ஒட்டிய துகள்களை ஆவரேஜிங்கில் (துகள்களைக் கூட்டிச் சராசரி எடுக்கும்போது) ஒதுக்கிவிடுவதே நல்ல வழி. மெருகை மட்டும் எல்லா லேமெல்லாவுக்கும் கடைசியில் ஒரே மூச்சில் செய்யுங்கள். முதலில் மெருகேற்றிவிட்டு மற்றதைச் செதுக்கிக்கொண்டிருந்தால், அறையில் மிச்சமிருக்கும் நீராவி முதல் தகட்டின்மேல் படிந்து தடிமனைக் கூட்டிவிடும்.

கிரிட்டை மைக்ரோஸ்கோப்பின் காசெட்டில் ஏற்றும்போது நடக்கும் ஒரு தவறு முழு அமர்வையும் பறித்துவிடும். செதுக்கிய திசை, மைக்ரோஸ்கோப்பின் சாய்வு அச்சுக்குச் செங்குத்தாக இருக்க வேண்டும். அப்போதுதான் லேமெல்லாவின் 10 டிகிரி முன்சாய்வை மேடையைச் சாய்த்துச் சமன் செய்யலாம். 90 டிகிரி திரும்பி உட்கார்ந்துவிட்டால் எந்தக் கோணத்திலும் தகடு சமதளமாக நிற்காது. கிரிட்டைப் பொருத்தும் வளையமான ஆட்டோகிரிட்டின் விளிம்பில் முன்பே குறி போட்டுவைப்பது இதற்காகத்தான்.

இனி டில்ட் சீரிஸ். மைனஸ் 60 முதல் பிளஸ் 60 வரை 3 டிகிரிக்கு ஒன்றாக 41 படங்கள், மொத்த டோஸ் (மாதிரிமேல் படும் எலக்ட்ரான் அளவு) ஒரு சதுர ஆங்ஸ்ட்ராமுக்கு ஏறத்தாழ 120 எலக்ட்ரான், அதாவது படம் ஒன்றுக்கு 3. வரிசைதான் முக்கியம். 3 ஆங்ஸ்ட்ராம் அளவிலான நுண்ணிய விவரங்களை முதல் சில எலக்ட்ரான்களே அழிக்கத் தொடங்கிவிடும். மைனஸ் 60இல் தொடங்கி ஒரே திசையில் போனால், மாதிரி மிக மெலிதாகத் தெரியும் பூஜ்ஜியத்தை அடைவதற்குள் பாதி டோஸ் செலவாகியிருக்கும். ஹேகன், வான், பிரிக்ஸ் மூவரும் 2017இல் வெளியிட்ட சமச்சீர் முறை இதை மாற்றியது: பூஜ்ஜியம், பிளஸ் 3, மைனஸ் 3, மைனஸ் 6, பிளஸ் 6 என்று நடுவிலிருந்து இருபுறமும் விரிவது. லேமெல்லாவுக்கு நடு என்பது பூஜ்ஜியம் அல்ல, முன்சாய்வைச் சமன் செய்த கோணம். டீஃபோகஸ் (சரியான ஃபோகஸிலிருந்து வேண்டுமென்றே விலக்கும் தூரம்) 2 முதல் 4 மைக்ரோமீட்டர். ஃபோகஸும் டிராக்கிங்கும் சாய்வு அச்சின் மேலேயே, சற்றுத் தள்ளி இருக்கட்டும். அச்சுக்குச் செங்குத்தாகத் தள்ளி வைத்தால், சாயும்போது அந்த இடத்தின் உயரம் மாறி, ஃபோகஸ் அளவீடே பொய்யாகும். படமெடுக்கும் மென்பொருளான சீரியல்-ஈஎம்மில் பேஸ்டோமோ நிரலைப் போட்டுப் பல இடங்களை ஒரே நேரத்தில் எடுக்கலாம், நேரம் நன்றாக மிச்சமாகும்.

41 படத்தில் எப்படி 4 ஆங்ஸ்ட்ராம் வரும் என்று சிலர் குழம்புவார்கள். தடிமனையும் கோண இடைவெளியையும் வைத்துப் பிரிதிறனின் எல்லையைச் சொல்லும் கிரவ்தர் விதிப்படி 150 நானோமீட்டர் தடிமனுக்கு 3 டிகிரி இடைவெளியில் ஒரு டோமோகிராமின் (கட்டிய முப்பரிமாண உருவின்) பிரிதிறன் 8 நானோமீட்டரை ஒட்டித்தான் நிற்கும். அது தனி டோமோகிராமுக்கான எல்லை. ஆயிரக்கணக்கான ஒரே வகைத் துகள்கள் வெவ்வேறு திசையில் கிடப்பதால், ஒன்றில் விட்டுப்போன கோணம் இன்னொன்றில் கிடைக்கிறது. 60 டிகிரிக்கு மேல் சாய்க்காததால் விட்டுப்போகும் மிஸ்ஸிங் வெட்ஜும் அப்படித்தான் நிரம்புகிறது. துகள்கள் எல்லாம் காற்றுத் தண்ணீர் எல்லையில் ஒரே திசையில் படுத்துவிட்டால் மட்டும் நிரம்பாது. வரைபடம் (துகள்களின் சராசரி உரு) கற்றைத் திசையில் நீண்டுபோகும். டோமோகிராமைப் பக்கவாட்டில் வெட்டிப் பார்த்தாலே அவை அப்படிப் படுத்திருப்பது தெரிந்துவிடும்.

டோமோகிராமைக் கட்டும் முறையில் பெங்களூருக்கும் தமிழருக்கும் ஒரு பங்கு உண்டு, அதைச் சொல்லாமல் போக மனமில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்திலிருந்து ஐஐஎஸ்சிக்கு வந்து மாலிக்யூலர் பயோஃபிசிக்ஸ் யூனிட்டைத் தொடங்கிய ஜி. என். ராமச்சந்திரன், ஏ. வி. லட்சுமிநாராயணனோடு சேர்ந்து 1971இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். எக்ஸ்ரே படங்களிலிருந்தும் எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப் படங்களிலிருந்தும் முப்பரிமாண உருவைக் கட்ட, ஃபூரியர் மாற்றத்துக்குப் பதிலாக கன்வல்யூஷன் முறை. எல்லாப் படங்களையும் அப்படியே பின்னோக்கிப் பரப்பிக் கூட்டினால் பருமையான விவரங்கள் மிகுந்து, உரு மங்கலாகும். கூட்டும் முன் ஒவ்வொரு படத்தையும் ஒரு வடிகட்டியால் சரிசெய்ய வேண்டும். ராம்-லாக் ஃபில்டர் என்று சிடி ஸ்கேன்காரர்கள் சொல்வது இதைத்தான். ஐமாட் மென்பொருளில் வெயிட்டட் பேக் புரொஜக்ஷன் பொத்தானை அழுத்தும் ஒவ்வொரு முறையும் வேலை செய்வது இந்தச் சரிவு வடிகட்டியே. புரத அமைப்பைச் சரிபார்க்க உதவும் ராமச்சந்திரன் வரைபடத்தைத் தெரிந்த உயிரியல் மாணவர்களில் பலருக்கு இது தெரியாது.

அலைன்மென்ட்டுக்கு, அதாவது சாய்த்து எடுத்த படங்களை ஒன்றோடொன்று பொருத்துவதற்கு வருவோம். பிரிதிறன் அதிகம் தொலையும் இடம் இது. சுத்திகரித்த மாதிரியில் பொருத்துவதற்கான அடையாளமாக 10 நானோமீட்டர் தங்கமணிகளைக் கலக்கிறோம், பார்வைக்குள் 10 முதல் 20 மணி பரவலாகக் கிடந்தால் போதும். கொத்தாக ஒட்டிக்கொண்ட மணிகளைக் கழித்துவிடுங்கள். லேமெல்லாவுக்குள் மணி கிடையாது, மணி இல்லாமலே பொருத்தும் அரிடோமோ அல்லது ஐமாட்டின் பேட்ச் டிராக்கிங் உதவும். அலைன்மென்ட் சரியில்லையென்றால் டோமோகிராமே சொல்லும்: மணிகள் வட்டமாக இல்லாமல் பிறை போல வளைந்திருக்கும். சாய்வு அச்சின் கோணத்தைத் தவறாகக் கொடுத்திருப்பது முதல் சந்தேகம். கிரிட் கம்பி மறைத்த படங்களையும், பனித்துகள் குறுக்கே வந்தவற்றையும், திடீரென்று நகர்ந்தவற்றையும் இந்த இடத்திலேயே நீக்குங்கள். 41இல் 35 நல்ல படம் இருந்தால், மீதி 6க்காக அழ வேண்டியதில்லை.

டீஃபோகஸ் கணக்கைப் பார்த்தால் உயரத்தின் அருமை புரியும். 300 கிலோவோல்ட்டில் எலக்ட்ரானின் அலைநீளம் 0.0197 ஆங்ஸ்ட்ராம். ஒரு துகளின் உயரத்தை 40 நானோமீட்டர் தவறாக எடுத்துக்கொண்டால், 4 ஆங்ஸ்ட்ராம் விவரத்தின் அலைக் கட்டம் (ஃபேஸ்) 90 டிகிரி விலகிவிடும், அந்தத் தகவல் கூட்டலில் அழிந்துபோகும். 10 ஆங்ஸ்ட்ராம் விவரத்துக்கோ 250 நானோமீட்டர் தவறினாலும் அதே அளவுதான் விலகும். இப்போது சாய்வைச் சேருங்கள்: அச்சிலிருந்து 500 நானோமீட்டர் தள்ளியிருக்கும் துகள், 60 டிகிரியில் 430 நானோமீட்டர் மேலேயோ கீழேயோ போயிருக்கும். மேலேயா கீழேயா என்பதைத்தான் டீஃபோகஸ் கைத்திசை என்கிறோம். மென்பொருளில் அந்தக் குறி தலைகீழாக இருந்தால் பருமட்டான உருவம் அழகாகவே வரும், பிறகு எத்தனை ஆயிரம் துகள் சேர்த்தாலும் பிரிதிறன் நகராது. சிறு துகள் தொகுப்பை இரண்டு குறியிலும் ஓட்டி ஒப்பிட்டுப் பாருங்கள். முழு உருவமும் கண்ணாடிப் பிம்பமாக இருப்பது இதிலிருந்து வேறான பிழை, அதைத் தனியே சோதிக்க வேண்டும். டெம்ப்ளேட்டை (துகளைத் தேடக் கொடுக்கும் தெரிந்த உருவை) நேராகவும் பிம்பமாகவும் பொருத்தி, எதற்கு மதிப்பெண் கூடுகிறது என்று பார்க்கலாம்.

எச்ஐவி கேப்சிட் (வைரஸின் புரத உறை) தரவின் வரலாறே இதற்குச் சாட்சி. 2016இல் ஷூரும் பிரிக்ஸ் குழுவும் 3.9 ஆங்ஸ்ட்ராம் எட்டினார்கள். அதே படங்களுக்குத் துகளின் உயரத்துக்கேற்ற சிடிஎஃப் (டீஃபோகஸால் படத்தில் வரும் மாற்றம்) திருத்தம் செய்ததும் 2017இல் நோவா-சிடிஎஃப் மென்பொருள் 3.4க்குக் கொண்டுவந்தது, 2018இல் ஈஎம்-கிளாரிட்டி மென்பொருள் 3.1க்குக் கொண்டுவந்தது. புதிதாக மைக்ரோஸ்கோப்பில் ஒரு படம்கூட எடுக்கவில்லை. வடிவியலைச் சரிசெய்ததன் பலன் அது. ஐஸ் மெலிதாக இருந்ததால்தான் திருத்தத்துக்கு இடமும் இருந்தது. 2021இல் டெகுனோவும் மற்றவர்களும் எம் என்ற மென்பொருளால், மைக்கோபிளாஸ்மா நிமோனியே செல்லுக்குள்ளேயே குளோரம்ஃபெனிகால் ஒட்டிய ரைபோசோமை 3.5 ஆங்ஸ்ட்ராமில் காட்டினார்கள். செதுக்கத் தேவையில்லாத அளவு மெலிந்த செல் அது.

துகள் பொறுக்குவதில் விரிவாகப் போகவில்லை, இரண்டு விஷயம் மட்டும். டெம்ப்ளேட் தேடலுக்கு 10 ஆங்ஸ்ட்ராம் பிக்சல் போதும். கோண இடைவெளியைத் தோராயமாக வைக்காதீர்கள், பிரிதிறனைத் துகளின் விட்டத்தால் வகுத்தால் ரேடியனில் வந்துவிடும். 250 ஆங்ஸ்ட்ராம் ரைபோசோமுக்கு 20 ஆங்ஸ்ட்ராமில் அது 4.6 டிகிரி. இரண்டாவது, டெம்ப்ளேட்டைக் குறைந்தது 30 ஆங்ஸ்ட்ராமுக்கு மழுக்குங்கள். ஐன்ஸ்டீன் படத்தை டெம்ப்ளேட்டாகக் கொடுத்தால் வெறும் இரைச்சலிலிருந்தே அவர் முகம் எழும் ஆபத்தை ஹென்டர்சன் 2013இல் எழுதிய கட்டுரை எல்லோரும் படிக்க வேண்டியது. நம்பகமான சோதனை, டெம்ப்ளேட்டில் இல்லாத ஒன்று வரைபடத்தில் தானாக வருகிறதா என்பது. ரைபோசோமின் பெரிய பாகத்தை மட்டும் கொடுத்துத் தேடினால் சின்ன பாகமும் எழுந்து வர வேண்டும்.

இதேபோல ஏமாற்றும் இன்னொரு எண் எஃப்எஸ்சி, இரண்டு வரைபடங்கள் எந்த நுணுக்கம்வரை ஒத்துப்போகின்றன என்று சொல்வது. துகள்களை இரண்டு பாதியாகப் பிரித்துத் தனித்தனியே செம்மைப்படுத்தி, அந்த ஒப்புமை 0.143ஆகக் குறையும் இடத்தில் பிரிதிறனைப் படிக்கிறோம். எச்ஐவி போன்ற வலைப்பின்னலில் அடர்த்தியாகப் புள்ளி போட்டுத் தொடங்குவதால் பல புள்ளிகள் ஒரே துகளில் போய்ச் சேரும். அந்த இரட்டைகள் இரண்டு பாதியிலும் புகுந்தால் இரைச்சலும் ஒத்துப்போகும், எண் பொய்யாக உயரும். அங்கே அறுகோணங்களுக்கு இடையே ஏறத்தாழ 75 ஆங்ஸ்ட்ராம், எனவே அதைவிட நெருங்கியவற்றை நீக்கிவிட்டுத்தான் பிரிக்க வேண்டும். எண்ணை நம்புவதைவிட வரைபடத்தைப் பாருங்கள். 8 ஆங்ஸ்ட்ராமில் ஆல்ஃபா சுருள் உருளையாகத் தெரியும், 4.5ஐ ஒட்டி பீட்டா இழைகள் பிரியும், 3.5க்குக் கீழேதான் பெரிய பக்கச் சங்கிலிகள் துலங்கும். 3.5 என்று எண் சொல்லி, பீட்டா தகடு ஒரே பலகையாகத் தெரிந்தால் எங்கோ பிழை. பிக்சல் அளவையும் தெரிந்த ஒரு படிக அமைப்போடு பொருத்திச் சரிபாருங்கள். 2 சதவீதப் பிழை என்பது 250 ஆங்ஸ்ட்ராம் துகளின் நீளத்தில் 5 ஆங்ஸ்ட்ராம்.

சொந்தத் தரவு வரும்வரை காத்திருக்க வேண்டாம். எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப் தரவுகளைச் சேமித்துவைக்கும் எம்பியார் தளத்தில் 10164 என்ற எண்ணில் அந்த எச்ஐவி தரவு இலவசமாகக் கிடைக்கிறது, பிக்சல் 1.35 ஆங்ஸ்ட்ராம். ரெலியான் மென்பொருளின் பயிற்சிக் குறிப்பு அதில் ஐந்து டில்ட் சீரிஸை மட்டும் எடுத்துக்கொள்கிறது, ஒரு நல்ல ஜிபியு கணினி போதும். பயிற்சியை ஒருமுறை அப்படியே முடித்த பிறகு, ஒவ்வொன்றாகக் கெடுத்துப் பாருங்கள். டீஃபோகஸ் கைத்திசையை மாற்றி ஓட்டுங்கள். டோஸ் வரிசையைத் தவறாகக் கொடுங்கள். இரட்டைத் துகள்களை நீக்காமல் விடுங்கள். ஒவ்வொரு முறையும் எஃப்எஸ்சி வளைவு எப்படி மாறுகிறது என்று படத்தோடு குறித்துவையுங்கள். உங்கள் சொந்த வரைபடம் 9 ஆங்ஸ்ட்ராமில் முரண்டு பிடிக்கும் நாளில் முதலில் புரட்ட வேண்டியது அந்தக் குறிப்பேட்டைத்தான்.